ஸ்டார்ட் ஆகவில்லை, திணறுகிறது, வாடை அடிக்கிறது: காரின் பெட்ரோல், டீசல் கோளாறை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

போன ஐப்பசி மழையில் ஒரு சின்ன பெட்ரோல் கார் எங்கள் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே நின்றுவிட்டது. கதவுப் பையில் மூன்று காலி பாட்டில்கள் இருந்தன. ஒன்று இன்ஜெக்டர் கிளீனர், ஒன்று ஆக்டேன் பூஸ்டர், இன்னொன்றில் லேபிளே கிழிந்திருந்தது. "அண்ணே, மூணும் ஊத்தியாச்சு, அப்படியேதான் இருக்கு" என்றார் வண்டியைக் கொண்டுவந்த தம்பி.

டேங்கின் அடியிலிருந்து கால் லிட்டர் எடுத்து, கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி ஜன்னல் திட்டில் வைத்தேன். டீ வந்து குடித்து முடிப்பதற்குள் பாட்டிலுக்குள் இரண்டு அடுக்கு தெரிந்தது. மேலே தெளிந்த பெட்ரோல், அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர். எந்த பாட்டில் மருந்தும் அந்தத் தண்ணீரை எரிய வைக்காது. டேங்கைக் கழற்றிக் காலி செய்து துடைத்தோம், வண்டி சரியானது. அந்தத் தம்பி மூன்று பாட்டிலுக்குக் கொடுத்த காசு இந்த வேலையின் கூலியில் பாதிக்கு மேல் வரும்.

இப்படி மாதத்துக்கு நாலைந்து வண்டியாவது வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வண்டி காட்டும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், பணம் பிடிக்கிற வேலை கடைசியில் இருக்கும். வரிசையைத் தாண்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் லைனைத் தொடும் எந்த வேலையையும் இன்ஜின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். மூடிய கார் ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

## செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை (பெட்ரோல்)

செல்ஃப்பே மந்தமாகச் சுற்றினால் அது பெரும்பாலும் பேட்டரிக் கோளாறு. அதற்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமில்லை.

### பெட்ரோல் மோட்டார் சத்தம் கேட்கிறதா?

ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வரும். டேங்கிலிருந்து பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் மோட்டாரின் சத்தம் அது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் கிளட்ச்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் போதும். சில வண்டிகளில் டிரைவர் கதவைத் திறக்கும்போதே மோட்டார் ஓடி முடிந்துவிடும். அதனால் ஒருவர் கதவைத் திறக்க, இன்னொருவர் பின் சீட்டில் காது வைத்துக் கேட்பது நல்லது.

சத்தமே இல்லையென்றால் முதலில் பியூஸ், அடுத்து ரிலே (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச் பெட்டி). பியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று படம் இருக்கும். அதே எண்ணுள்ள வேறு ரிலே, பெரும்பாலும் ஹாரன் ரிலே, இருந்தால் அதைக் கழற்றி இங்கே மாட்டிப் பாருங்கள். மோட்டார் ஓடினால் ரிலே விலையோடு வேலை முடிந்தது. ஓடவில்லையென்றால் மோட்டாருக்குக் கரண்ட் வருகிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். அதற்கு முன் மோட்டாரை மாற்றச் சம்மதிக்காதீர்கள். சாக்கெட்டில் துரு பிடித்த ஒரு பின்னுக்காக முழு மோட்டாரையும் மாற்றிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

### காலையில் மட்டும் நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்கிறதா?

சாவியை ஆன் செய்து, மோட்டார் சத்தம் நின்றதும் ஆஃப். இதை மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே தட்டில் பிடித்துக்கொண்டால், இரவில் லைனிலிருந்து பிரஷர் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். மோட்டாருக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்திருக்கலாம், அல்லது இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று சொட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்டார்ட் ஆன நொடியில் சைலன்சரில் கருப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் இன்ஜெக்டர் பக்கம் சந்தேகப்படுங்கள்.

இதற்கு மேல் வீட்டில் பார்க்க முடியாது. மெக்கானிக்கிடம் பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண பெட்ரோல் காரில் 3 முதல் 4 பார் (பிரஷர் அளவு) வரை காட்டும். இன்ஜினை நிறுத்திய பிறகு முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை நீங்களும் கூட நின்று பாருங்கள். கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

### அரை மணி ஓடிச் சூடான பிறகு நிற்கிறதா, ஆறினால் மறுபடி ஓடுகிறதா?

நின்ற இடத்திலேயே, ஆறுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மோட்டார் முனகல். இன்னொன்று, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா என்பது. முனகல் இல்லையென்றால் மோட்டார் சூட்டில் சோர்ந்துபோகிறது. முனகல் இருந்து முள் செத்துக் கிடந்தால் பெரும்பாலும், இன்ஜின் சுற்றுவதைக் கணக்கெடுக்கும் கிராங்க் சென்சார்தான். மோட்டாரைவிட மிக மலிவான பொருள் அது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் மோட்டாரை மாற்றிவிட்டு, மறுநாள் அதே இடத்தில் நின்றவர்கள் நிறைய.

டேங்க் மூடியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். 'உஸ்ஸ்' என்று பலமாகக் காற்றை உள்ளே இழுத்து, அதன் பிறகு வண்டி ஓடினால் டேங்குக்குள் காற்று போகும் வழி அடைபட்டிருக்கிறது.

மோட்டாரைக் குளிரவைப்பதே டேங்கில் உள்ள பெட்ரோல்தான். ரிசர்வ் விளக்கு எரிய எரிய இருநூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டும் வண்டிகளின் மோட்டார்தான் எங்கள் பட்டறைக்குச் சீக்கிரம் வருகிறது. கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

### பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் மட்டும் மக்கரா?

டேங்கிலிருந்து வரும் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பிடிக்கும், அதுவே அடையாளம். வால்வு பெரிய விலை இல்லை. ஆனால் கன் 'டக்' என்று நின்ற பிறகும் "ரவுண்டா போட்டுடுங்க" என்று விளிம்பு வரை நிரப்பும் பழக்கம் இருந்தால், பெட்ரோல் ஆவிக் குழாய் வழியாக, ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் இறங்கி அதைக் கெடுத்துவிடும். அதை மாற்றுவதற்கு நல்ல பணம் பிடிக்கும். முதல் 'டக்'கோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

## சிக்னலில் நிற்கும்போது நடுங்குகிறது

மருந்து பாட்டிலுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிற இடம் இது ஒன்றுதான். அதுவும் கீழே உள்ளவற்றைப் பார்த்த பிறகு.

ஏர் பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். அடுத்து, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடி. ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே பார்த்தால் தகட்டின் ஓரத்தில் கருப்புப் பிசின் வளையம் தெரியும். அதற்கான கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளவே கூடாது. துடைத்த பிறகு சில வண்டிகளில் ஸ்கேனரில் ரீசெட் கொடுக்க வேண்டியிருக்கும்.

பிறகு பிளக். நான்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. ஒன்று மட்டும் ஈரமாகக் கருத்திருந்தால் அந்த சிலிண்டரின் காயிலை (பிளக்குக்குப் பொறி தரும் பாகம்) அடுத்ததற்கு மாற்றி மாட்டுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில் போயிருக்கிறது. பிளக் முனை செங்கல் நிறத்தில் பூத்திருந்தால், "வண்டிக்கு ஆக்டேன் பூஸ்டர் ஊற்றினீர்களா?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். உலோகம் கலந்த பூஸ்டர்கள் விட்டுப்போகும் படிவு அது. அது மண்டினால் பிளக்கின் பொறியே பலவீனமாகிவிடும். நம் ஊரில் ஓடும் சாதாரண கார்களுக்கு ஆக்டேன் பூஸ்டர் தேவையே இல்லை.

இவ்வளவும் சரியாக இருந்து நடுக்கம் மட்டும் மிச்சமிருந்தால், இன்ஜெக்டர் கிளீனர் ஒரு தடவை முயற்சி செய்யத் தகுந்தது. லேபிளில் பாலிஈதர்அமைன் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். படிவைக் கரைக்கும் சரக்கு அதுதான். அது இல்லாமல் வெறும் கரைப்பானை அழகான பாட்டிலில் அடைத்து விற்பதும் உண்டு. எத்தனை லிட்டருக்கு ஒரு பாட்டில் என்று போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். முதலில் பாட்டிலை ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் நிரப்புங்கள், அப்போதுதான் நன்றாகக் கலக்கும். அந்த டேங்க் முழுவதையும் ஊருக்குள் உருட்டாமல் நீண்ட ஓட்டத்தில் தீர்த்துவிடுங்கள். ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்கில் செய்வது இன்னும் நல்லது, ஏனென்றால் கிளீனர் கொஞ்சம் ஆயிலிலும் போய்ச் சேரும்.

ஒரு டேங்கில் மாற்றம் தெரியவில்லையென்றால் இரண்டாவது பாட்டில் வாங்க வேண்டாம். இன்ஜெக்டரைக் கழற்றி மேசையில் சோதிக்கும் இடத்துக்குப் போங்கள். நான்கு கண்ணாடிக் குழாயில் நான்கு இன்ஜெக்டரும் எவ்வளவு பீய்ச்சுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். கழுவும் முன் ஒரு அளவு, கழுவிய பின் ஒரு அளவு, இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட விடாதீர்கள்.

டர்போ பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாயும் வகை என்றால், வால்வின் முதுகில் படியும் கரியை டேங்கில் ஊற்றும் எதுவும் தொடாது, பெட்ரோல் அந்தப் பக்கமே போவதில்லை. காற்று உள்ளே போகும் மேனிபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய வேலை அது. அனுபவம் உள்ள இடத்தில் மட்டும் கொடுங்கள்.

## பங்க்கிலிருந்து கிளம்பி சில கிலோமீட்டரிலேயே இடித்து இடித்து ஓடுகிறது

வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று மிதித்து ஓட்டினால் அந்தச் சரக்கு முழுவதும் மோட்டார், இன்ஜெக்டர் வழியாகத்தான் போகும்.

இப்போது நம் பங்க்குகளில் வரும் சாதாரணப் பெட்ரோல் இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் தண்ணீரை இழுத்துக் கொஞ்சம் வரை தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறியதும் தண்ணீரோடு சேர்ந்து தானும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். மோட்டார் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மழைக்காலத்தில் இந்தக் கோளாறு கூடுவதற்கு இதுவே காரணம்.

தொடக்கத்தில் சொன்ன ஊறுகாய் பாட்டில் சோதனையை இப்போது செய்யுங்கள். பத்து நிமிடத்தில் அடுக்கு பிரிந்தால் டேங்கை இறக்கிக் காலி செய்ய வேண்டியதுதான். "வாட்டர் ரிமூவர்" என்று விற்பதில் பல வெறும் ஆல்கஹால். டேங்கில் ஏற்கெனவே லிட்டர் கணக்கில் ஆல்கஹால் இருக்கும்போது இன்னும் இருநூறு மில்லி ஊற்றி என்ன ஆகப்போகிறது?

எத்தனால் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், அளவுக்கோடு போட்ட ஜாடியில் 100 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே வந்துவிடும். கீழ் அடுக்கு 30 மில்லி பக்கம் நின்றால் 20 சதவீதம், கணக்கு சரி. அதைத் தாண்டி நன்றாக மேலே போனால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

மண்ணெண்ணெய் போன்ற கலப்படத்துக்கு வடிதாள் (பில்டர் பேப்பர்) சோதனை. எந்த பங்க்கிலும் கேட்டால் வடிதாள் தர வேண்டும், அது வாடிக்கையாளரின் உரிமை. கன் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய்ந்தால் நல்லது. எண்ணெய்க் கறை போல நின்றால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். ஆனால் தண்ணீரை வடிதாள் காட்டிக்கொடுக்காது. பில்லையும் பாட்டில் மாதிரியின் போட்டோவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு அந்த எண்ணெய் நிறுவனத்தின் புகார் எண்ணுக்கு அன்றைக்கே சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

வெள்ளத்தில் கதவு மட்டம் வரை மூழ்கிய வண்டி என்றால் சோதனையே வேண்டாம். சாவியைக்கூடத் திருப்பாமல் இழுவை வண்டியில் ஏற்றுங்கள். 2015-லும் 2023-லும் சென்னையில் தண்ணீர் வடிந்ததும் "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று செல்ஃப் அடித்தவர்களுக்குத்தான் இன்ஜினே போனது.

## பிக்கப் இல்லை, ஏற்றத்தில் திணறுகிறது

சமதளத்தில் நன்றாகப் போய், ஏற்காடு, கொல்லிமலை ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கினால் பெட்ரோல் போதிய அளவு வரவில்லை. ஏர் பில்டர் பார்த்தாயிற்று என்றால் அடுத்து டேங்குக்குள் மோட்டாரின் வாயில் இருக்கும் வலைப்பை. பத்துப் பன்னிரண்டு வருட வண்டிகளில் இ20 பழைய அழுக்கைக் கிளறிவிட்டு அந்த வலையில் கொண்டுவந்து அப்புகிறது. மோட்டாரையே மாற்றச் சொன்னால், வலையையும் பில்டரையும் மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பல வண்டிகளுக்குத் தனியாகக் கிடைக்கிறது.

ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி) இருந்தால் பி0171 என்ற எண் வந்திருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் குறைவு அல்லது காற்று ஒழுக்கு என்று அர்த்தம். "ஆக்சிஜன் சென்சாரை மாற்று" என்று அது சொல்லவில்லை.

## மைலேஜ் இறங்கிவிட்டது

டேஷ்போர்டு காட்டுவதை நம்பாமல் முதல் 'டக்'கிலிருந்து அடுத்த முதல் 'டக்' வரை மூன்று டேங்க் கணக்குப் போடுங்கள். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் முன்பு 18 கொடுத்த வண்டி 17 பக்கம் வந்தால் அது எரிபொருளின் குணம். எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது. 14-க்கு இறங்கினால் பழுது இருக்கிறது. டயர் காற்று, ஓட்டி முடித்ததும் ஏதாவது ஒரு சக்கரம் மட்டும் அதிகம் கொதிக்கிறதா (பிரேக் பிடித்திருக்கிறது), டெம்பரேச்சர் முள் எப்போதும் தாழ்வாகவே நிற்கிறதா (தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது) என்று இந்த வரிசையில் பாருங்கள்.

## பெட்ரோல் வாடை

டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். வாடை பானட் பக்கம் வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. டார்ச் அடித்து, இன்ஜெக்டர் ரயிலுக்கு வரும் குழாயை முழு நீளத்துக்கும் பாருங்கள். எலி கடித்த பல் தடம் வரிவரியாகத் தெரியும். இரவெல்லாம் ஒரே இடத்தில் நிற்கும் வண்டிகளில் இது சர்வசாதாரணம். வெட்டிய இடத்தில் டேப் சுற்றுவது, தோட்டத்துக் குழாய்த் துண்டு செருகுவது இரண்டும் உயிருக்கு ஆபத்து. பிரஷர் தாங்கும், எத்தனால் தாங்கும் ஹோஸ்தான் போட வேண்டும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள், வண்டியை அவரிடம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

## டீசல்: பில்டர் விளக்கு எரிகிறது, அல்லது இழுவை இல்லை

விளக்கு எரிந்தால் பில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அடியில் உள்ள திருகை இரண்டு சுற்று தளர்த்தி, தெளிந்த டீசல் வரும் வரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். பிறகு கை பம்ப் இருந்தால் அது கெட்டியாகும் வரை அமுக்கி ஏர் எடுங்கள். கை பம்ப் இல்லாத வண்டியில் சாவியை மூன்று தடவை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள்.

அந்த டம்ளரை வெயிலில் பிடித்து, மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். அடியில் வெள்ளித் தூள் போல மினுமினுத்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஹை பிரஷர் பம்ப் தன்னையே அரைத்துத் தள்ளுகிறது. புது பில்டர் போட்டு ஓட்டினால் அந்தத் தூள் நான்கு இன்ஜெக்டரையும் தின்றுவிடும். செலவு பல மடங்காகும்.

கருப்புப் புகை என்றால் ஏர் பில்டர், அடுத்து, டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பசையும் தூசியும் சேர்ந்து ஒட்டியிருக்கும் இடம்தான் விரிசல். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது அங்கே 'புஸ்' என்று கேட்கும். அதன் பிறகு இஜிஆர் (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் வால்வு), கடைசியாக இன்ஜெக்டர். இன்ஜெக்டரைச் சந்தேகித்தால் ரிட்டர்ன் குழாய்களில் நான்கு சின்ன பாட்டில் மாட்டி, எது அதிகம் நிரம்புகிறது என்று பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். எல்லா இன்ஜெக்டரையும் கழற்ற வேண்டியதில்லை.

பழைய டீசலில் செய்தது போல, இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது காமன் ரயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் பிரஷரில் டீசல் போகும் வகை) கூடவே கூடாது. பிரஷர் 1,600 பாருக்கு மேலும் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நடந்துவிட்டால் சின்னக் காயமாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

## மாற்றி ஊற்றிவிட்டார்கள்

டீசல் வண்டியில் பெட்ரோல் போய்விட்டதா? சாவியைத் திருப்பாதீர்கள், ஏசிக்காகக்கூட. நியூட்ரலில் தள்ளி ஓரமாக நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்யாத வண்டிக்கு டேங்கைக் காலி செய்வதோடு பெரும்பாலும் வேலை முடியும். ஸ்டார்ட் செய்து ஓட்டிவிட்டால் பம்ப் வரை போகும், ஏனென்றால் டீசலின் வழவழப்பில்தான் அந்த பம்ப் ஓடுகிறது. "அஞ்சு லிட்டர்தானே, மேல டீசலை ஃபுல் பண்ணிட்டு ஓட்டு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிஎஸ்6 டீசல் வண்டியில், புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டாலும் இதே விதிதான், இன்னும் கண்டிப்பாக. யூரியா காய்ந்து உப்பாக உறைந்துவிடும்.

## சிஎன்ஜி வண்டி பெட்ரோலில் ஓட மாட்டேன் என்கிறது

கேஸ் மலிவு என்று மாதக்கணக்கில் டேங்கில் ஐந்து லிட்டர் பெட்ரோலை அப்படியே விட்டுவைத்தவர்களின் வண்டி இது. மூடியைத் திறந்து முகர்ந்தாலே வார்னிஷ் வாடை அடிக்கும். புதுப் பெட்ரோலை மேலே ஊற்றி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பழையதை முழுவதும் எடுத்துவிட்டு, வலைப்பையைப் பார்த்து, பிறகு பத்து லிட்டர் புதிதாகப் போட்டு மோட்டார் முனகலைக் கேளுங்கள். மோட்டார் சிக்கியிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும், தட்டி ஓடவைத்தால் அடுத்த வாரம் நடுவழியில் நிற்கும். இனி வாரத்தில் இரண்டு நாளாவது சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுங்கள், இரண்டு மாதத்துக்குள் அந்தப் பெட்ரோல் தீர்ந்து புதியது வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.